காய்ச்சல் இல்லை சித்ரா, பில்

மஞ்சக்குப்பம், கடலூர்
26.9.2025, வெள்ளி ராத்திரி

அன்புள்ள சித்ரா,

முதலில் ஒரு பொய்யை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆவணியில் உன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வராததற்குக் காய்ச்சல் என்று சொன்னேன் இல்லையா? காய்ச்சல் எதுவும் இல்லை. கழுத்தில் செயின் இல்லை. மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றால் உன் மாமியார் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அடுத்த கேள்வி நீ கேட்பாய், உன்னிடம் சமாளிக்க முடியாது. அதனால்தான் காய்ச்சல். நீயும் பாவம், கஷாயம் எப்படி வைப்பது என்று நாலு மெசேஜ் அனுப்பினாய். ஒவ்வொன்றையும் படிக்கும்போது எனக்கு உடம்பு கூசியது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. பெரியவன் பன்னிரண்டாவது. இவர் வழக்கம்போல. அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது சில்வர் பீச்சில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஏலக் கணக்கு ஆப் ஓடுகிற கம்ப்யூட்டரைப் பற்றி, "சர்வருக்கு மாசம் எவ்வளவுடி போகுது?" என்று கேட்டாய். நான் பெருமையாக ஃபோனை எடுத்துக் காட்டினேன். 0.00 டாலர். நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாய். "இது பில் இல்லடி, மொய்க் கவர்" என்றாய். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துப் பார்த்து உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று சொன்னேன். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாம் இரண்டு பேரும் சரியாகப் பேசவில்லை. அந்த மொய்க்குத்தான் ஜூனில் பதில் மொய் வைத்தேன்.

ஏலக் கணக்கு ஆப் உனக்குத் தெரியும். முதுநகர் துறைமுகத்தில் மாரி அண்ணன் மாதிரி ஏலம் விடுகிறவர்கள் எந்தப் படகு, எத்தனை பெட்டி, யார் எடுத்தார்கள், பாக்கி எவ்வளவு என்று நனைந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததை ஃபோனில் ஏற்றினோம். 55 பேர், ஆளுக்கு மாதம் 600 ரூபாய். சர்வர் மும்பையில் வாடகைக்கு. மாதம் 70 டாலர் வரும், முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவோம். 2024 ஏப்ரலில், சின்ன கம்பெனிகளுக்கான சலுகை என்று, சர்வரை வாடகைக்கு விடுகிற அந்த கிளவுட்காரர்கள் 5,000 டாலர் கிரெடிட் கொடுத்தார்கள். கெடு ஒரு வருஷம். காசாகக் கைக்கு வராது. மாதாமாதம் நாம் ஓட்டியதற்குப் பில் போடும்போது அவர்களே அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது கழித்த பிறகு வரும் தொகை மட்டும். வரியும் அந்தக் கழித்த தொகைக்குத்தான் என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சைபர்.

அன்றைய ரேட்டில் 4 லட்ச ரூபாய்க்கு மேல். என்னோடு ஆப்பை நடத்துகிற பாபு அரை கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதம் 70 என்றால் வருஷத்துக்கு 840. மீதி 4,160 டாலர் கெடு முடிந்ததும் ஆவியாகிவிடும். ஐயோ, வீணாகப் போகக் கூடாதே! சித்ரா, எனக்கு அப்போதே மெஸ்ஸில் நாம் சாப்பிட்ட அந்த ஒன்பது முட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாசக் கடைசி, கையில் மீந்த மெஸ் கூப்பன், மறுநாள் செல்லாது. ஜெயாவும் நீயும் நானும் அன்று சாப்பிட்டது பசிக்கா? அடுத்த நாள் பரீட்சை ஹாலில் ஜெயா பட்ட பாடு... சரி, அது வேண்டாம். அதே வேலையைத்தான் இந்த வயசிலும் செய்திருக்கிறோம். ஹாலில் ஜெயாவுக்குப் பதில் இந்தத் தடவை நான்.

கூப்பன் தீர வேண்டும் என்று என்னவெல்லாம் செய்தோம் தெரியுமா? சின்ன மெஷினை எடுத்துவிட்டுப் பெரிசு போட்டோம். கணக்கெல்லாம் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸுக்குச் சோதனைப் பிரதி ஒன்று. பாதுகாப்பு என்று, எங்களோடு வேலை பார்த்த தினேஷ் ஏதோ படித்துவிட்டு வந்து, பெரிய கம்பெனிகள் செய்கிற மாதிரி நெட்வொர்க்கைப் பிரித்துக் கட்டினான். 55 பேர் உபயோகிக்கிற ஆப்புக்கு! இதற்கெல்லாம் சிகரம் பாபுவின் மீன் ஜோசியம். பெட்டியைப் படம் பிடித்தால் ஆப்பே மீன் பேரைச் சொல்லிவிடுமாம். அதற்கு ஜிபியு என்கிற கனமான கணக்குச் சிப் போட்ட மெஷின் வேண்டும், மணிக்கு அரை டாலருக்கு மேல் விழும். மார்கழி முழுக்க அதைப் பழக்கினான். கடைசியில் அது சீலா மீனைப் பார்த்து வஞ்சிரம் என்றது. மாரி அண்ணன் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வேலையைத்தான் ஏற்கனவே சில பேர் மார்க்கெட்டுல செய்யுறாங்களே தம்பி, அதுக்கு எதுக்கு மெஷினு?" என்று கேட்டார். பாபு அதோடு விட்டுவிட்டான். விட்டவன் மெஷினை நிறுத்தினானா என்றால் இல்லை. நீயும் நானும் சில்வர் பீச்சில் 0.00 பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலம் அது யாருக்காகவோ மும்பையில் ஓடிக்கொண்டிருந்தது. தை முடிகிற வரைக்கும் ஓடியது.

ஃபெஞ்சல் புயல் வேறு. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம். ஆபீஸில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பாபு பயந்துபோய் எல்லா டிஸ்க்கையும் ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்னாப்ஷாட், அதாவது அப்படியே ஒரு நகல், எடுக்கச் சொல்லிவிட்டான். பழையதை அழிக்கச் சொல்லவில்லை. மும்பையில் இருக்கிற சர்வரைத் தென்பெண்ணை வெள்ளம் என்னடா செய்யும் என்று நானாவது கேட்டிருக்கலாம். பில் சைபர், நான் ஏன் கேட்கப் போகிறேன்?

இதில் எனக்கு இன்னும் ஆறாதது அந்த அலாரம். 100 டாலரைத் தாண்டினால் மெயில் அனுப்பு என்று ஆரம்பத்திலேயே வைத்திருந்தோம். ஒரு வருஷம் அது வாயே திறக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த அலாரம் கிரெடிட்டைக் கழித்த பிறகு வருகிற தொகையைத்தான் பார்க்கும்படி இருந்திருக்கிறது. மாதம் 400 டாலருக்கு ஓட்டினாலும் கழித்தால் சைபர்தானே? சைபர் எப்போது 100-ஐத் தாண்டும்? ஒரே ஒரு டிக்கை எடுத்திருந்தால் கழிக்காத தொகையைப் பார்த்திருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள், இந்த அலாரம் அடிக்க மட்டும்தான் செய்யும், எதையும் நிறுத்தாது. வாசலில் நாய் குரைக்கிற மாதிரி, கதவை நாம்தான் சாத்த வேண்டும்.

ஏப்ரல் 30-ஆம் தேதி கெடு முடிந்தது. 640 டாலர் மீதம் இருந்திருக்கிறது, அதுவும் போயிற்று. ஒன்பது முட்டை சாப்பிட்டும் கூப்பன் தீரவில்லை பார்.

அந்தத் தேதி என்ன நேரம் என்று நீயே யோசித்துப் பார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றுகூட வெளியே போகாது. ஏலம் இல்லை. ஏலம் இல்லாத மாதத்தில் சந்தா வாங்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான். மீனவக் குடும்பங்களுக்காவது அரசு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. எங்களுக்கு மே மாத வரவு சைபர். இது நிஜ சைபர். படகெல்லாம் கரையில் ஏறிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறது, ஒரு பெட்டி மீன் கணக்கு ஏறவில்லை. சர்வர் மட்டும் ராத்திரி பகலாக டீசல் குடித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிய வந்தது ஜூன் 12. தினேஷ் பெங்களூருவிலிருந்து கூப்பிட்டான். பிப்ரவரியிலேயே வேலை கிடைத்துப் போய்விட்டான், சொன்னேனா? "அக்கா, நம்ம ஆபீஸ் மெயிலை இன்னிக்குச் சும்மா திறந்தேன். என்னமோ நிறைய வந்து கிடக்கு." கிரெடிட் முடியப் போகிறது, முடிந்துவிட்டது, 100 டாலர் தாண்டியது, பில் வந்திருக்கிறது, பணம் எடுக்க முடியவில்லை, மறுபடியும் முடியவில்லை. எல்லாம் வரிசையாக அந்த ஒரு பெட்டியில் தூங்கியிருக்கிறது. அலாரம் கடைசியில் அடித்துத்தான் இருக்கிறது, ஆள் இல்லாத வீட்டில்.

பணம் எடுக்க முடியாததற்குக் காரணம் ரிசர்வ் வங்கி விதி. இந்த மாதிரிச் சந்தாக்களுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் கார்டிலிருந்து தானாக எடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும். 2021 அக்டோபரில் வந்தபோது 5,000 என்று இருந்தது, அடுத்த வருஷம் 15,000 ஆக்கினார்கள். அப்போது அந்த விதியைத் திட்டியிருக்கிறேன். இப்போது கும்பிடுகிறேன். அது மட்டும் இல்லையென்றால் நடப்புக் கணக்கில் இருந்த கொஞ்சத்தையும் சத்தமில்லாமல் உருவியிருப்பார்கள், சம்பள நாள் அன்றுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

மே மாதப் பில் 412 டாலர். ஜிஎஸ்டியோடு 42,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஜூன் மீட்டர் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. 14-ஆம் தேதி நள்ளிரவோடு தடை முடிகிறது, படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. கிளவுட்காரர்கள் எங்கள் கணக்கை முடக்கிவிட்டால் முதல் ஏலத்தன்றே 55 பேரும் நோட்டைத் தேடுவார்கள், அதற்கப்புறம் எங்களைத் தேட மாட்டார்கள்.

அன்று ராத்திரி நானும் பாபுவும் பில்லை வரி வரியாகப் படித்தோம். இவர் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார், அதுவே பெரிய கோபம். நிஜமாக ஆப் ஓடுவதற்கு டேட்டாபேஸ் 60 டாலர், மெஷின் 45. சரி, 105. மீதி 307 எங்கே போனது? மெஷின்களை அழித்தபோது அதோடு இருந்த டிஸ்க்குகளை அழிக்காமல் விட்டிருக்கிறோம். உள்ளே எதுவும் ஓடவில்லை, இடத்துக்கு மட்டும் வாடகை 92. வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியைக் கொடுக்காத மாதிரி. தினேஷ் கட்டிய நெட்வொர்க்கில் நாட் கேட்வே என்று இரண்டு வாசல், அதன் வழியாக யார் போனாலும் போகாவிட்டாலும் மணிக்கணக்கில் காசு, 80. இன்டர்நெட்டில் மெஷினுக்கு விலாசம் மாதிரி ஒன்பது பொது ஐபி முகவரிகள், ஒவ்வொன்றும் மணிக்கு அரை சென்ட். அரை சென்ட் என்றால் சிரிப்பாக இருக்கிறதல்லவா? மாதத்துக்கு 33 டாலர். புயலுக்குப் பயந்த ஸ்னாப்ஷாட் 42.

கடைசியாக அந்தச் சோதனை டேட்டாபேஸ், 60. இதைக் கேள். அதை நாங்கள் 2024 ஆடியிலேயே நிறுத்திவிட்டோம். நிறுத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நானேதான் பட்டனை அழுத்தினேன். ஆனால் அங்கே நிறுத்தி வைத்த டேட்டாபேஸ் ஏழு நாள் ஆனதும் தானாக எழுந்துகொள்ளும். பராமரிப்பு வேலைகளைத் தவறவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்களாம். எழுதித்தான் போட்டிருக்கிறார்கள், நாங்கள்தான் படிக்கவில்லை. ஏழு நாள் தூங்கிவிட்டு எழுந்து, காலியாக, பத்து மாதம் யாருக்கோ காத்திருந்திருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு இதைக் கண்டுபிடித்தபோது பாபு சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் நான் மட்டும் அழுதேன்.

காலையில் செயினைக் கழற்றி 60,000 வாங்கினேன். பேங்கில் அந்தப் பெண் தராசில் வைத்துவிட்டு, "விவசாயக் கடனாக்கா?" என்று கேட்டாள். மீனுக்கும் விவசாயத்துக்கும் நடுவில் கிளவுட் என்று நான் எதை விளக்குவது? பர்சனல் என்று சொன்னேன்.

ஒரு வேடிக்கை கேள். தெரியாமல் ஓடியதற்கு ஏதாவது தள்ளுபடி தாருங்கள் என்று அவர்களுக்கு எழுதினேன். நாலு நாள் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது. உங்கள் நிலைமை புரிகிறது, அடுத்த பில்களில் கழித்துக்கொள்ள 100 டாலர் கிரெடிட் போட்டிருக்கிறோம்! பாபு அதைச் சத்தமாகப் படித்ததும் இவரே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

16-ஆம் தேதி விடியலில் துறைமுகத்துக்குப் போனேன். போக வேண்டிய அவசியமில்லை, மனசு கேட்கவில்லை. மாரி அண்ணன் ஃபோனைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். கவருக்கு மேலேயே ஈர விரலால் தேய்க்கிறார், தேய்த்துவிட்டு லுங்கியில் துடைக்கிறார், மறுபடி தேய்க்கிறார். சங்கரா 14 பெட்டி. சேமித்தது. பச்சை டிக் வர இரண்டு விநாடி எடுத்தது. அந்த இரண்டு விநாடியும் நான் மூச்சு விடவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கழுத்து காலியா இருக்கு?" என்றார். நூறு பேர் கத்துகிற இடத்தில் அந்த மனுஷன் கண்ணில் அதுதான் பட்டிருக்கிறது.

இப்போது தேவையில்லாததையெல்லாம் அழித்து, மெஷினையும் சிறிசாக்கி, பில் 78 டாலரில் நிற்கிறது. புரட்டாசி என்பதால் மீன் விலை படுத்துக் கிடக்கிறது, சந்தா வசூலும் இழுக்கிறது, ஆனாலும் கட்டிவிடுகிறோம். 78 டாலர் போதும் என்பது கிரெடிட் வராமலே இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல். இலவசமாகக் கிடைத்ததற்குக் கடைசியில் நாங்கள் கொடுத்த விலை 42,000 ரூபாய்.

இங்கேதான் உன் யோசனை வேண்டும். பாபு திருந்தவில்லை. புதுக் கணக்கு தொடங்கினால் கூகுளில் 90 நாளுக்கு 300 டாலர், மைக்ரோசாஃப்டின் அஸூரில் 30 நாளுக்கு 200 டாலர் என்று கூட்டிக்கொண்டிருக்கிறான். ஒன்று முடிய முடிய அடுத்ததுக்கு மாறிக்கொண்டே இருக்கலாமாம். நாலு மாதம் தாண்டாதுடா, அதற்குள் ஆப்பை இரண்டு தடவை பிரித்துக் கட்ட வேண்டுமே என்றேன். வீடு மாறுகிற ஒவ்வொரு தடவையும் நாலு பாத்திரம் உடையும். டேட்டாவை உள்ளே கொண்டுபோகக் காசு கிடையாது, வெளியே எடுக்கத்தான் ஜிபி கணக்கில் காசு என்பது இந்த ஊர் உலகத்துக்கே தெரிந்த வியாபாரம். 2024-ல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்று பேருமே மொத்தமாகக் காலி செய்துகொண்டு போகிறவர்களிடம் அதை வாங்குவதில்லை என்று அறிவித்தார்கள். கட்டணம் போயிற்று, சரி. ராத்திரி உட்கார்ந்து மாற்றிக் கட்டுகிற வேலையை யார் தள்ளுபடி செய்வார்கள்?

ஆனால் இன்னொன்று வந்திருக்கிறது. புதுச்சேரியில் புது கம்பெனிகளுக்குக் கைகொடுக்கிற இடம் ஒன்றின் வழியாக, இப்போது இருக்கிற அதே கிளவுட்டில் மறுபடியும் கிரெடிட், இரண்டு வருஷக் கெடு. எதையும் மாற்ற வேண்டாம். இதை வாங்கலாமா? நிஜமாகச் சொல்கிறேன், மனு எழுதி வைத்துவிட்டு மூன்று வாரமாக அனுப்பாமல் இருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல நான் அவ்வளவு பணக்காரி இல்லை. 78 டாலர் இரண்டு வருஷத்துக்கு மிச்சம் என்றால் செயின் சீக்கிரம் வீட்டுக்கு வரும். வாங்கினால் என்ன செய்வேன் என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறேன். பில் பக்கத்தில் கிரெடிட்டைக் கழிக்காமல் காட்டும் ஒரு வடிகட்டி இருக்கிறது. இப்போதே திங்கட்கிழமை தோறும் அந்தத் தொகையைப் பார்த்து அப்பாவின் பழைய பேரேட்டில் பேனாவால் எழுதுகிறேன். பாபு சிரிக்கிறான், சிரிக்கட்டும். கிரெடிட் வந்தாலும் அந்தத் தொகையை மாதாமாதம் போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் போட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம், கட்டியதாகவே வைத்துக்கொண்டு. கிரெடிட் இருக்கும் வரைக்கும் புது மெஷின் ஏதாவது போட வேண்டுமென்றால், சொந்தக் காசாக இருந்தால் போடுவோமா என்று பாபு எனக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். மெயில் இனி மூன்று பேர் ஃபோனுக்கு வரும், அதில் ஒன்று உன் நம்பராக இருந்தால் உனக்கு ஆட்சேபணையா?

உன் ஆபீஸ் சம்பந்தமாக ஒரு கேள்வியும் இருக்கிறது. போன வருஷக் கணக்கில் சர்வர் செலவு என்று ஒன்றுமே எழுதவில்லை, பில் சைபர் என்பதால். லாபம் நல்லா தெரிந்தது, நாங்களும் நம்பிவிட்டோம். மொத்தத்தையும் செலவில் எழுதிவிட்டு, கிரெடிட்டை எதிர்ப்பக்கம் தனியாகக் காட்டுவது முறைதானா? வரிக்கு எப்படியோ, எனக்குப் புரிகிற மாதிரி இருந்தால் போதும். உங்கள் பெரியவரிடம் கேட்டுச் சொல். முட்டைக் கதையை மட்டும் அவரிடம் சொல்லாதே.

ஐப்பசி கடைசிக்குள் செயினை மீட்டுவிடுவேன். மீட்ட வாரமே கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுகிறேன். மொய்க் கவர் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், நீ எனக்கு 501 வைத்தாய், நான் 1,001 வைக்கிறேன், நோட்டில் எழுதிக்கொள். புது வீட்டுக்கு என்ன வேண்டும் என்று எழுது. குத்துவிளக்கு என்று சொல்லாதே, ஏற்கனவே ஏழாவது வந்திருக்கும். பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ எப்படியும் கொண்டுவருகிறேன்.

மாமியாரிடம் எனக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு.

உன்,
வளர்